குளித்த தண்ணீர் முந்நூறு குடம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அது இப்போது வராது. அதற்குள் உதடு லேசாகக் கோணினால் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படிக்கவும். இதில் வருகிற யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மிகவும் பொறுப்பானவர்கள்.

முதலில் தெரு. பூவாணிக்குறிச்சியின் கிழக்குக் கோடியில் புளியந்தோப்புத் தெரு. புளியமரம் கிடையாது. பதினோரு வீடு உண்டு. வீட்டுக்கு வீடு குழாயும் உண்டு, திருகினால் நல்ல காற்று வரும். தண்ணீர் என்பது செவ்வாய்க்கிழமை லாரியில் வருவது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தொட்டி, டிரம், அண்டா, பால்குக்கர் வரைக்கும் நிரப்பி வைத்துக்கொண்டு அடுத்த செவ்வாய் வரை அதைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வார்கள்.

அடுத்து அருமைநாயகம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். தொழில் சுத்தம் அப்படி. அசல் காகிதத்தில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருந்தால் நகலிலும் அந்த ஈ இருக்கும். தட்டிவிட மாட்டான். கேட்டால், "அசல்ல உள்ளதை மாத்த நான் யாரு?" என்பான். வயது முப்பத்துமூன்று. அதுவரை நான்கு இடத்திலிருந்து பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் இல்லாத தெருவுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நான்காவது இடத்துக்காரர் குழாயைத் திருகியதோடு நிற்காமல் அதில் வந்த காற்றில் வேர்வையையும் ஆற்றிக்கொண்டு போனார்.

ஐந்தாவதாக வந்தவள் மங்கையர்க்கரசி. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். கூட அவள் அப்பா உலகநாதன், பால் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அதிகம் பேசவில்லை. பஜ்ஜி வேலையாக இருந்தார்.

அரசி குழாயைத் திருகவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சாக்கடையைப் பார்த்தாள். அருமைநாயகத்தின் அம்மா இசக்கியம்மாள் அப்போதுதான் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாய்த்துவிட்டிருந்தாள். அது தெருவைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஆறு வாழை, ஒரு கறிவேப்பிலை, எட்டுக் கத்தரி, ஒரு தென்னம்பிள்ளை, எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

அரசி தன் வகுப்பறைக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்: "குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி, துணி அலசுன தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி, எதுவும் சாக்கடைக்குப் போகக் கூடாது. எல்லாம் செடிக்குப் போகணும். நல்ல தண்ணி ஒரு சொட்டு செடியில படக் கூடாது. ஒரு மாசம் இப்படிச் செஞ்சு காட்டுங்க. நகை, சீரு, வண்டி எல்லாத்தையும் அப்புறம் பேசலாம். எனக்கு இதுதான் முக்கியம்."

இதற்கு முன்னால் அவனிடம் யாரும் எதையும் செய்து காட்டச் சொன்னதில்லை. 'பார்த்துட்டுச் சொல்லுதோம்' என்றுதான் போயிருக்கிறார்கள். அருமைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, கடைக்கு ஓடி, நாற்பது நகல் எடுத்துத் தெரு முழுக்கக் கொடுத்தான். இந்தக் கல்யாணம் நடந்தால் இந்தத் தாளால்தான் நடக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்படி சொன்னான்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. பொறுங்கள்.

முதல் நாள் வேலை ஒழுங்காக நடந்தது. வீட்டில் இரண்டே பேர். இரண்டு குளியல், ஒரு சமையல், கொஞ்சம் துணி. ஆகமொத்தம் ஏழு குடம். எல்லாம் செடிக்குப் போனது. சாயங்காலம் பார்த்தால் வாழை நிமிர்ந்துவிட்டது, கத்தரி நிமிரவில்லை. இன்னும் ஐந்து குடம் இருந்தால் நன்றாக இருக்கும். தொட்டியில் தண்ணீர் தளதள என்று நிற்கிறது. ஆனால் அது நல்ல தண்ணீர். ஒரு சொட்டும் செடியில் படக் கூடாது.

தெருவில் யோசனை கேட்டார்கள். தெருவுக்கு யோசனை சொல்கிறவர் பேச்சிமுத்து. அவருடைய குரல் பித்தளை அண்டாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். நீங்களும் முகத்துக்கு முன்னால் ஒரு சொம்பை வைத்துக்கொண்டு படித்தால்தான் சரியாக வரும்.

"நல்ல தண்ணிய ஊத்தக் கூடாது. சரி. குளிச்ச தண்ணிய ஊத்தலாம். சரி. அப்பம் நல்ல தண்ணிய எடுத்துக் குளிச்சிட்டா அது என்ன தண்ணி?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"குளிச்ச தண்ணி அண்ணாச்சி," என்றான் அருமைநாயகம்.

"அம்புட்டுத்தான் வே."

அருமைநாயகம் உடனே இன்னொரு முறை குளித்தான். பிறகு இன்னொரு முறை. அடியில் பெரிய தகரத் தட்டை வைத்து, அதற்குள் நின்றுகொண்டு, ஒரு சொட்டு வெளியே போகாமல் குளித்தான். அன்றைக்கு மொத்தம் ஐந்து குளியல். கத்தரி நிமிர்ந்தது. அருமைநாயகம் தும்மினான்.

இசக்கியம்மாளும் மகனுக்காகத் தன்னால் ஆனதைச் செய்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள். அது தீர்ந்ததும் பரண்மேல் இருந்து, இருபது வருஷமாக யாரும் தொடாத எவர்சில்வர் பாத்திரங்களை இறக்கி, அவற்றின் ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காமல், ஒவ்வொன்றாகக் கழுவினாள். அரிசியை ஒன்பது தரம் களைந்தாள். ஒன்பதாவது தரம் அரிசி உடைந்து கஞ்சி மாதிரி ஆகிவிட்டது, அதனால் புதிதாக அரிசி போட்டு முதலிலிருந்து களைந்தாள். களைந்த அரிசியை வீணாக்க முடியுமா? பொங்கி வைத்தாள். தெருவையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். இருபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். இருபத்திரண்டு தட்டு. அதைக் கழுவும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரசி போன் செய்தாள். எத்தனை குடம் செடிக்குப் போனது என்று கேட்டாள். அருமைநாயகம் பொய் சொல்லத் தெரியாதவன். நூற்றுப் பன்னிரண்டு என்றான். அவள், இதைத்தான் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் நாளைக்குச் சொல்லப்போவதாகச் சொன்னாள். சொல்லவும் செய்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் குரலில் முதல் தடவையாக ஒரு குழைவு வந்ததாக அருமைநாயகம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

குரல் குழைந்துவிட்டது என்றால் தெரு சும்மா இருக்குமா? இரண்டாவது வாரம் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவும் தங்கள் வீட்டுக் குடமுமாக அருமைநாயகம் வீட்டு வாசலில் வரிசை. குளிக்க. அழுக்கு இருக்கிறதா இல்லையா என்பது பேச்சில்லை. காலையில் குளித்தவர் பத்து மணிக்கு வருவார், பத்து மணிக்குக் குளித்தவர் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார். துவைத்து இஸ்திரி போட்ட சேலையைப் பெண்கள் கொண்டுவந்து அலசிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கூட்டம் சேர்ந்தால் ஏமாற்றும் சேரும் அல்லவா? இரண்டொருவர் சும்மா குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து, வீட்டிலேயே குளித்தது என்று சொல்லிவிட்டதாகப் பேச்சு வந்தது. கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும். சங்கரலிங்கம் இருந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கினவனையே பேர் சொல்லிப் பிடித்தவர். அவர் தம் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இவருக்குக் குரல் மூக்கு வழியாக வரும். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"எந்தக் குடம்? யாரு குளிச்சது? எறங்கி வாங்க, உள்ள போங்க, வழியில நிக்காதிய."

குடத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். நுரை இருந்தால் இரண்டு விசில், செடிக்குப் போகலாம். நுரை இல்லாவிட்டால் ஒரு விசில், நின்றுகொள்ள வேண்டும். ஒருநாள் பேச்சிமுத்து கொண்டுவந்த குடத்துக்கு ஒரு விசில் விழுந்தது. விசாரித்ததில் அவர் குளிரில் காலை மட்டும் கழுவிவிட்டு வந்தது தெரிந்தது.

"காலு குளிச்சா குளிக்கலன்னு ஆயிருமா?" என்று பேச்சிமுத்து அண்டாவிலிருந்து கேட்டார்.

"முட்டுக்குக் கீழ அரை டிக்கெட்டு. பெரிய செடிக்கு ஊத்த முடியாது. கத்தரிக்கு ஊத்திட்டுப் போம்."

பேச்சிமுத்து கத்தரிக்கு ஊற்றிவிட்டுப் போனார். சட்டம் என்றால் சட்டம்.

இன்னொரு நாள் பெரிய வழக்கே வந்துவிட்டது. தொட்டியடியில் வைத்திருந்த பேசினில் ஒரு காக்கா இறங்கி, சிறகடித்து, முங்கி, நன்றாகக் குளித்துவிட்டுப் போனது. இது குளித்த தண்ணீரா, நல்ல தண்ணீரா? ஒருசாரார் மனுஷன் குளித்தால்தான் கணக்கு என்றார்கள். அருமைநாயகம் தாளைக் கொண்டுவந்து படித்தான். 'குளிச்ச தண்ணி' என்று மட்டும்தான் இருந்தது, யார் குளிக்க வேண்டும் என்று இல்லை. சங்கரலிங்கம் ரொம்ப நேரம் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், தலை முழுகினதைத் தாமே கண்ணால் பார்த்ததாகச் சொல்லி, இரண்டு விசில் ஊதினார். முழு டிக்கெட்.

ஆனால் ஒரு சங்கடம். செவ்வாய்க்கிழமை வந்த தண்ணீர் வியாழக்கிழமையே தீர்ந்துபோக ஆரம்பித்தது. முன்பெல்லாம் சாக்கடையில் வீணாக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வாரம் வந்த தண்ணீர் இது. எங்கே போகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. லாரி டிரைவரை நிறுத்தி, வாரம் இரண்டு நடை வரச் சொன்னார்கள். அவர் காரணம் கேட்டார்.

"தண்ணிய மிச்சம் பிடிக்கோம் தம்பி," என்றார் பேச்சிமுத்து. "மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சதுலயிருந்து தண்ணி காண மாட்டேங்கு."

டிரைவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் தெருவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கடையில் சோடா வாங்கிக் குடித்தார்கள். சோடாவில் சாதம் வடித்துப் பார்த்தார்கள். சாதம் ஏப்பம் விட்டது. யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி, செடிக்குப் போகிற அரிசி களைந்த தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்துக் கொதிக்கவைத்தால் என்ன என்று கேட்டுவிட்டார். இசக்கியம்மாள் தாளை நீட்டினாள். "செடிக்குப் போகணும்னு போட்டிருக்கு. நீரு செடியா?" என்று கேட்டாள். அவர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இல்லை.

செடிகள் மட்டும் கண்படும்படி வளர்ந்தன. வாழை குலை தள்ளிவிட்டது. தெருவில் மனிதர்கள் எல்லாரும் விரல் நுனி சுருங்கி, நாக்கு வறண்டு, மூக்கு ஒழுகி, சந்தன சோப்பு வாசனையோடு நடமாடினார்கள்.

மூன்றாவது வாரம் அரசி போன் செய்தபோது அவன் முந்நூறு குடம் என்றான்.

இந்த முறை அவள் கொஞ்சம் இழுத்தாள். வீட்டில் இரண்டு பேர்தானே என்று கேட்டாள். ஆமாம், ஆனால் தெருவே சேர்ந்துவிட்டது என்றான் அவன். அரசி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கற்பனை செய்தாள். ஒரு தெரு முழுக்கத் தன் சாக்கடையை அடைத்துவிட்டு, வீணாகிற தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு செடிக்குப் போகிறது. குடம் தூக்கியது வரைக்கும் அவள் கற்பனை சரிதான். தலைமையாசிரியையிடம் சொன்னாள். சக ஆசிரியைகளிடம் சொன்னாள். அப்பாவிடம், அடுத்த ஞாயிறு தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? நல்லது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

பகல் மூன்று மணிக்கு அரசியும் உலகநாதனும் வந்தார்கள். அரசி முதலில் தெருச் சாக்கடையை எட்டிப் பார்த்தாள். பொட்டு ஈரம் இல்லை. உள்ளே ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பின்கட்டுக்குப் போனாள். கருகருவென்று கறிவேப்பிலை, குடம் குடமாகக் கத்தரிக்காய், குலையின் பாரத்தில் சாய்ந்த வாழை. அவள் முகம் மலர்ந்து அருமைநாயகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு அந்த ஒரு மாசத் தும்மலும் அங்கேயே நின்றுவிட்டது.

காப்பி வந்தது. வீட்டில் தண்ணீர் இல்லாததால் அது முழுக்கப் பாலிலேயே போட்டது. உலகநாதன் இரண்டு டம்ளர் குடித்தார். வாழையடியில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். நடுவில் வெற்றிலை, பாக்கு, பழம், சேலையோடு தட்டு. இசக்கியம்மாள் தட்டைத் தொடக் கையை நீட்டினாள்.

அப்போது தட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

யாரும் எதிர்பார்க்காத மழை. சங்கரலிங்கம் வானத்தைப் பார்த்தார். அடுத்த நொடி ஒற்றை விசில், இடைவெளி விடாமல், நிற்காமல். அதைக் கேட்டுத் தெருவே ஓடிவந்தது. பதினோரு வீட்டுக் குடையும் வந்தது. ஆளுக்கு ஒரு செடியாக நின்றுகொண்டு விரித்துப் பிடித்தார்கள். பேச்சிமுத்து ஏணியில் ஏறி வாழைக் குலைக்குமேல் பிடித்தார். குடை கிடைக்காதவர்கள் பாயை உருவித் தலைக்குமேல் விரித்துக் கறிவேப்பிலையைக் காப்பாற்றினார்கள். அவர்கள் எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். செடிகள் காய்ந்தன.

அரசி தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் நின்றாள்.

"அங்க என்ன செய்யுதிய?"

"நல்ல தண்ணி ஒரு சொட்டு படக் கூடாதுன்னு சொன்னியளே," என்றான் அருமைநாயகம், தென்னம்பிள்ளைக்குக் குடை பிடித்துக்கொண்டு. மழை அவன் மூக்கு நுனியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. "பயப்படாதிய. அண்டாவெல்லாம் முற்றத்துல வச்சாச்சு. மழையப் பிடிச்சு, அதுல குளிச்சிட்டு, அப்புறமா ஊத்திருவோம்."

அரசி முற்றத்து அண்டாக்களைப் பார்த்தாள். அறிவியல் டீச்சர் அல்லவா, உள்ளே கூட்டல் கழித்தல் ஓடியது.

"அப்ப அந்த முந்நூறு குடம்?"

"அவ்வளவும் குளிச்சதுதான். ஒரு குடம்கூட ஏமாத்து இல்ல. பேச்சிமுத்து அண்ணாச்சி ஒருத்தரே ஒரு நாளைக்கு ஏழு தடவை."

"எதுக்கு ஏழு தடவை?"

அருமைநாயகம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்று அவனுக்கு வருத்தம். "செடிக்குத் தண்ணி வேணும்லா?"

வகுப்பில் கை தட்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராக அரசியின் கண் முன்னால் வந்து போனார்கள். அவளுக்கு வந்த கோபத்தில் குரல் ரொம்ப அமைதியாகிவிட்டது.

"எதுக்கு அண்டாவுல பிடிச்சு, அள்ளிக் குளிச்சு, கொண்டுபோயி ஊத்துதிய? குடைய மடக்குங்க. எல்லாரும் சோப்பப் போட்டுக்கிட்டு ஆளுக்கொரு செடிக்குமேல குனிஞ்சு நில்லுங்க. மழை உங்க மேல விழுந்து கீழ போவும். அதுவும் குளிச்ச தண்ணிதான?"

பேச்சிமுத்து ஏணியிலிருந்து மெல்ல இறங்கினார். அவர் கண்ணில் தண்ணீர். நல்ல தண்ணீரா என்று தெரியவில்லை.

"ஒரு மாசமாத் தெருவே கிடந்து மண்டைய உடைக்கோம்," என்றார். "ஒருத்தனுக்குத் தோணலியே வே. இதுக்குத்தான் படிச்ச பிள்ள வேணுங்கது."

சங்கரலிங்கம் இரண்டு விசில் கொடுத்தார். குடைகள் மடங்கின. சோப்பு டப்பாக்கள் திறந்தன. பதினோரு வீட்டு ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை நுரையோடு, ஆளுக்கு ஒரு செடியைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி குனிந்து நின்றார்கள். நுரை இல்லாமல் நின்றவர்களைச் சங்கரலிங்கம் பேர் சொல்லிப் பிடித்தார்.

போதும் என்று அரசி தட்டை மேடையில் வைத்தாள். "அப்பா, கிளம்பலாம்," என்று திரும்பினாள்.

அப்பாவைக் காணோம், தாழ்வாரத்து நாற்காலியில் அவருடைய சட்டை மடித்து வைத்திருந்தது. அதன்மேல் மூக்குக் கண்ணாடி.

உலகநாதன் எட்டாவது கத்தரிச்செடிக்குமேல் குனிந்து நின்றார். தலையில் ஒரு சாண் உயரத்துக்கு நுரை. "ஒரு நிமிஷம் தாயி," என்றார், கண்ணைத் திறக்காமல். "இந்தப் பக்கம் ஒரு செடி ஆளில்லாம நனையுது. நல்ல தண்ணி நேரா அது மேல விழுது. யாராவது ஒரு ஆள வந்து நிக்கச் சொல்லு."

அரசி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில், அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, அதே மாதிரி நுரையோடு நின்ற அருமைநாயகத்தைப் பார்த்தாள். வந்த பதினோரு ஜாதகத்தில் பத்தைத் தள்ளிவிட்டு, இந்த இடத்தைப் பார்த்ததும் "எனக்கு இந்தப் பையனப் பாத்தா நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி இருக்கு" என்று அப்பா ஏன் பிடித்த பிடியில் நின்றார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் தட்டை மறுபடி கையில் எடுத்தாள்.

"வாங்க அத்தை, மாத்திக்கிடுவோம்," என்று இசக்கியம்மாளிடம் நீட்டினாள். "எனக்கு இது பழக்கம்தான்."